பெயரில்லாத ‘முசே’: பதினான்காம் லூயியின் தம்பி பிலிப்பும் அவர் வம்சமும்

கேள்வி இதுதான்: பதினான்காம் லூயியின் தம்பி பிலிப்பை ‘ஐரோப்பாவின் தாத்தா’ என்கிறார்களே, ஏன்? பெண் வேடம் போட்டவர், மனைவிக்கு விஷம் வைத்தவர் என்பதெல்லாம் உண்மையா? அவருடைய வம்சாவளியை வரைய உட்கார்ந்தால் பெயர்கள் எல்லாம் குழம்புகின்றனவே, எங்கே பிடித்துத் தொடங்குவது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாதித் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையில் பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, பதவியைச் சொன்னால் போதும். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரித் தமிழில் வெள்ளைக்காரத் துரை ஒவ்வொருவரும் ‘முசே’ இன்னார்தான். ஆனால் வெர்சாயில் பின்னொட்டு எதுவும் இல்லாமல் ‘முசே’ என்றால் ஒரே ஓர் ஆள்: அரசரின் மூத்த தம்பி. அவர் மனைவி வெறும் ‘மதாம்’. மூத்த மகள் வெறும் ‘மத்மசல்’.

சிக்கல் என்னவென்றால், ஆள் மாறினாலும் பட்டம் மாறாது. 1670 ஜூன் வரை ‘மதாம்’ என்றால் பிலிப்பின் முதல் மனைவி ஹென்றியெட்டா. 1671 நவம்பருக்குப் பிறகு அதே சொல் இரண்டாம் மனைவி லீசலோட்டைக் குறிக்கும். ‘ஓர்லேயான் கோமகன்’ என்பது 1660 பிப்ரவரி வரை சித்தப்பா காஸ்தோன், பிறகு 1701 வரை நம் பிலிப், அதன்பின் 1723 வரை அவர் மகன் இரண்டாம் பிலிப். ‘ஆஞ்சு கோமகன்’ இன்னும் மோசம். நம் பிலிப் பிறந்ததும் பெற்ற பட்டம் அது. பின்னாளில் ஸ்பெயினின் ஐந்தாம் பிலிப் ஆன, லூயியின் பேரனுக்கும் அதே பட்டம், பெயரும் பிலிப்தான். போதாக்குறைக்கு நம் பிலிப்பின் காதலர் லொரேன் ஷெவாலியேவின் (ஷெவாலியே என்பது வீரப் பட்டம்) பெயரும் பிலிப். ஆகவே ஆவணத்தில் ஒரு பட்டத்தைக் கண்டால் ஆளைத் தேடாதீர்கள், தேதியைத் தேடுங்கள். தேதிதான் ஆளைச் சொல்லும்.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. அன்று இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் இருந்தது, பிரான்சைவிட 10 நாள் பின்னால். ஹென்றியெட்டா முன்னின்று முடித்த டோவர் இரகசிய ஒப்பந்தம் ஆங்கிலக் குறிப்புகளில் 1670 மே 22, பிரெஞ்சுக் குறிப்புகளில் ஜூன் 1. இரண்டும் ஒரே நாள்தான்.

இனி வாழ்க்கைக்கு வருவோம். பிலிப் பிறந்தது 1640 செப்டம்பர் 21, பாரிசுக்கு மேற்கே சேன்-ஜெர்மேன்-ஆன்-லே மாளிகையில். தந்தை பதின்மூன்றாம் லூயி, தாய் ஆஸ்திரியாவின் ஆன். பெயரில் ஆஸ்திரியா இருந்தாலும் ஆன் ஸ்பெயின் இளவரசி, ஹாப்ஸ்பர்க் குலத்தவர். கல்யாணமாகி 23 ஆண்டு காத்திருந்த பிறகுதான் 1638 செப்டம்பர் 5இல் மூத்தவன் லூயி பிறந்தான். இரண்டே ஆண்டில் அடுத்ததும் ஆண். 1643 மே 14இல் தந்தை இறந்தபோது அண்ணனுக்கு வயது நாலரை, தம்பிக்கு மூன்றுகூட நிரம்பவில்லை. அண்ணன் அரசன், தாய் காப்பரசி, மசாரேன் கர்தினால் முதலமைச்சர்.

பிலிப்பின் வாழ்க்கை முழுவதையும் புரிந்துகொள்ள ஒரு சாவி இருக்கிறது. அது அவரிடம் இல்லை, சித்தப்பா காஸ்தோனிடம் இருக்கிறது. பதின்மூன்றாம் லூயியின் தம்பியான காஸ்தோன், 1638 வரை பட்டத்து வாரிசு. அந்தத் தைரியத்தில் அண்ணனுக்கும் அவருடைய முதலமைச்சர் ரிஷெலியே கர்தினாலுக்கும் எதிராகத் திரும்பத் திரும்பச் சதி செய்தார்: 1626இல், 1632இல், 1642இல். ஒவ்வொரு முறையும் கூட இருந்தவர்களின் தலை உருண்டது. காஸ்தோன் மட்டும் அரச இரத்தம் என்பதால் தப்பினார். 1648 முதல் 1653 வரை அரசுக்கு எதிராக நடந்த ஃப்ரோந்துக் கலகத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. 1649 ஜனவரியில் நள்ளிரவில் பாரிசைவிட்டு அரச குடும்பம் ஓடியபோது லூயிக்கு பத்து வயது, பிலிப்புக்கு எட்டு. அரசனுக்குத் தம்பி என்றால் என்ன ஆகும் என்பதை இருவரும் சிறு வயதிலேயே கண்ணால் பார்த்தவர்கள்.

1658 கோடையில் போர்முனைக்குப் போன லூயி காய்ச்சலில் விழுந்து சாகக் கிடந்தபோது, அரசவைக்காரர்கள் சிலர் பிலிப்பின் பக்கம் நகர்ந்து நின்றார்கள். லூயி பிழைத்துக்கொண்டார், பார்த்ததை மறக்கவில்லை. தம்பிக்குப் பணம், மாளிகை, மரியாதை எல்லாம் உண்டு, ஆட்சியில் மட்டும் இடமில்லை என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

பெண் வேடம் பற்றிய பேச்சை இந்தப் பின்னணியில்தான் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆறேழு வயது வரை ஆண் குழந்தைக்கும் பாவாடை போன்ற நீள உடைதான். லூயியின் குழந்தைப் படங்களிலும் அதைக் காணலாம். ஆகவே ஒரு சிறுவயது ஓவியத்தைக் காட்டி ‘தாய் பெண்ணாக வளர்த்தாள்’ என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் பிலிப் வளர்ந்த பிறகும் நடன விருந்துகளில் பெண் உடையில் வந்தது, ரத்தினம், ரிப்பன், வாசனைத் தைலம் என்று மோகம் கொண்டது, ஆண்களைக் காதலித்தது எல்லாம் அவரை நேரில் அறிந்த பலர் எழுதிவைத்த செய்தி. மறைக்க ஒன்றுமில்லை, அவரும் பெரிதாக மறைக்கவில்லை. லொரேன் ஷெவாலியேவோடு இருந்த உறவு, இடையில் நாடுகடத்தல் வந்தும், பிலிப் சாகும்வரை நீடித்தது. அப்படிப்பட்டவர் படைக்கு ஆகமாட்டார் என்று நினைத்தவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதைக் கீழே பாருங்கள்.

காஸ்தோன் 1660இல் இறந்ததும் அவருடைய ஓர்லேயான் கோமகன் பட்டம் பிலிப்புக்கு வந்தது. 1661இல் அதற்கான அப்பனாஜ் வழங்கப்பட்டது. அப்பனாஜ் என்றால் அரசரின் இளைய மகன் பிழைப்புக்கென்று முடியின் நிலத்திலிருந்து வெட்டிக் கொடுக்கும் மானியம். வருமானம் அனுபவிக்கலாம், விற்க முடியாது. ஆண் வாரிசு அற்றுப்போனால் நிலம் முடிக்கே திரும்பும். ஓர்லேயான், வலுவா, ஷார்த்ர் ஆகியவை பிலிப்புக்குக் கிடைத்தன. காஸ்தோன் வசமிருந்த புளுவாவும் ஷம்போர் கோட்டையும் கிடைக்கவில்லை. காஸ்தோன் வகித்த லாங்குதோக் ஆளுநர் பதவியை பிலிப் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. மாகாண ஆளுநர் என்றால் படை, கோட்டை, ஆள்பலம். அந்த மூன்றும் தம்பி கையில் போவதை லூயி விரும்பவில்லை.

கிடைத்ததை பிலிப் நன்றாகவே பெருக்கினார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. லுவார் ஆற்றையும் லுவேன் ஆற்றையும் இணைக்கும் ஓர்லேயான் கால்வாய்க்கு 1679இல் அரச உத்தரவு வாங்கினார். 1692இல் அது திறக்கப்பட்டது. 70 கி.மீ.க்கு மேல் நீளம். ஓர்லேயான் காட்டு விறகும் மரமும் படகில் பாரிசுக்குப் போகப் போக, சுங்கம் அவர் வீட்டுக்கு வந்தது. 1693இல் காஸ்தோனின் மூத்த மகள், கல்யாணம் செய்துகொள்ளாமல் பெரும் சொத்தோடு இறந்தபோது, அதில் பெரும்பகுதியும் பிலிப்பிடமே சேர்ந்தது. பின்னாளில் ஓர்லேயான் குடும்பம் பிரான்சின் பெரும் பணக்காரக் குடும்பமானதற்கு அடித்தளம் இவர் போட்டது.

இப்போது கல்யாணங்கள். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் எல்லோரும் ‘கசின்’தான், யார் வழி என்று தெரியாது. நம் முறைப்பெயர்களைப் போட்டால் படம் உடனே தெளியும்.

1661 மார்ச் 31இல் பிலிப் மணந்த ஹென்றியெட்டா ஆன் ஸ்டூவர்ட், அவருக்கு அத்தை மகள். பதின்மூன்றாம் லூயியின் தங்கை ஹென்றியெட்டா மரியா, இங்கிலாந்தின் முதலாம் சார்லசை மணந்து பெற்ற கடைசிப் பெண். அண்ணன் லூயி அதற்கு முந்தைய ஆண்டு மணந்த மரியா தெரேசாவோ இரட்டை முறை: அவளுடைய அப்பா ஆனின் தம்பி, அம்மா பதின்மூன்றாம் லூயியின் தங்கை. மாமன் மகளும் அவளே, அத்தை மகளும் அவளே. நம் ஊரில் இதை உரிமைப் பெண் என்போம். கத்தோலிக்கத் திருச்சபைக்கோ இது தடைசெய்யப்பட்ட நெருக்கம், போப்பாண்டவரின் விலக்கு ஆணை இல்லாமல் தாலி ஏறாது. அத்தனை விலக்குக்கும் விண்ணப்பம் எழுதியவர்கள் களைத்திருப்பார்கள்.

பிலிப்பின் கல்யாணம் நன்றாகப் போகவில்லை. ஹென்றியெட்டா அறிவாளி, அரசவையின் செல்லம், லூயிக்கும் பிடித்தமானவள். அண்ணன் தன் மனைவியோடு நெருங்கிப் பழகுவது தம்பிக்குப் பொறுக்கவில்லை. அரசியலிலும் அவள் கணவனை மிஞ்சினாள். அவளுடைய அண்ணன் இரண்டாம் சார்லசுக்கும் லூயிக்கும் இடையே தூது போனவள் அவள்தான். 1670 ஜனவரியில் லூயி லொரேன் ஷெவாலியேயைக் கைது செய்து அனுப்பிவிட, அது மனைவியின் வேலை என்று நம்பிய பிலிப் அவளையும் இழுத்துக்கொண்டு வில்லேர்-கொத்ரே மாளிகைக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சில வாரத்தில் சமாதானம் ஆனது. அவள் டோவருக்குப் போய் ஒப்பந்தத்தை முடித்துத் திரும்பினாள்.

திரும்பிய சில நாளில், 1670 ஜூன் 29 மாலை, பிலிப்பின் சேன்-குளூ மாளிகையில் ஒரு குவளை சிக்கரி நீர் குடித்தாள். குடித்த கணமே விலாவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், விஷம் என்றாள். மறுநாள் விடியும் முன் உயிர் போய்விட்டது. வயது 26. லொரேன் ஷெவாலியேதான் ரோமிலிருந்து ஆள் வைத்துச் செய்தார், பிலிப்புக்கும் பங்கு உண்டு என்று ஊரே பேசியது. ஆதாரம்? அதே நீரைக் குடித்த பணிப்பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரெஞ்சு மருத்துவர்களோடு ஆங்கிலத் தரப்பும் இருக்கும்போதே உடல் அறுத்துப் பார்க்கப்பட்டது, விஷம் என்ற முடிவு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவம் படித்த பிரெஞ்சு அறிஞர் எமில் லித்ரே அந்த அறிக்கைகளை மறுபடி படித்து, இரைப்பைப் புண் ஓட்டையாகி வயிற்றறை முழுக்க அழற்சி பரவியதே காரணம் என்றார். நெடுநாளாக அவளுக்கு விலாவலி இருந்தது, பாலே ஆகாரம் என்று இருந்தாள் என்பதோடு அது பொருந்துகிறது. நோயாளி மெதுவாக மெலிந்தாள், ஆனால் ஓட்டை விழுவது ஒரு நொடி வேலை. அந்த நொடியில் கையில் இருந்த குவளைமேல் பழி விழுந்தது.

ஹென்றியெட்டாவின் குழந்தைகளில் தங்கியவை இரண்டு பெண்கள். மூத்தவள் மரி லூயிஸ், பிறப்பு 1662. 17 வயதில் ஸ்பெயினின் நோயாளி அரசன் இரண்டாம் கார்லோசுக்குக் கொடுக்கப்பட்டு, குழந்தையில்லாமல் 1689இல் இறந்தாள். இளையவள் ஆன் மரி, 1669 ஆகஸ்டில் பிறந்தவள். தாய் இறந்தபோது பத்து மாதக் கைக்குழந்தை. இவளை மறக்காதீர்கள், வம்சாவளியின் அச்சாணி இவள்தான். இடையில் பிறந்த மகன், வலுவா கோமகன், இரண்டரை வயதிலேயே போய்விட்டான்.

ஆண் வாரிசு இல்லையென்றால் அப்பனாஜ் போய்விடும் என்றேனே, அதனால் மறுமணம் தவிர்க்க முடியாதது. ஜெர்மனியின் ரைன் பாலட்டினேட் தேர்வரசரின் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொண்ட சிற்றரசரின்) மகள் எலிசபெத் சார்லட், வீட்டுப் பெயர் லீசலோட், 1671இல் மருமகளாக வந்தாள். முதல் மனைவிக்கு இவள் அத்தையின் பேத்தி: முதலாம் சார்லசின் அக்காள் எலிசபெத், அவள் மகன் கார்ல் லுட்விக், அவன் மகள் இவள். புராட்டஸ்டண்டாகப் பிறந்தவள், மெட்ஸ் நகரில் மதம் மாறி, நவம்பர் 16இல் மாப்பிள்ளை இல்லாமலே பதிலாள் வைத்துத் தாலி கட்டிக்கொண்டு, பிறகுதான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாள்.

கட்டை உடம்பு, வெயிலில் வேட்டை, ஜெர்மன் சாப்பாட்டு ஏக்கம், ஒளிவுமறைவு தெரியாத வாய்: பிலிப்புக்கு எல்லா விதத்திலும் எதிர். ஆனாலும் முதல் கல்யாணத்தைவிட இது நன்றாக ஓடியது. 1673, 1674, 1676 என்று மூன்று குழந்தைகள். மூத்த மகன் மூன்று வயதுக்குள் இறந்தான். இரண்டாமவன் பிலிப், பின்னாளில் சிறுவன் அரசனுக்காக ஆட்சி நடத்திய காப்பாளர். மூன்றாவது பெண், தாயின் பெயரையே பெற்ற எலிசபெத் சார்லட். அதற்குப் பிறகு கட்டில் தனித்தனி என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள், இவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. ஜெர்மனி உறவினருக்கு இவள் ஆயிரக்கணக்கில் எழுதிய கடிதங்கள் இல்லாவிட்டால் பிலிப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது. ஆனால் கோபத்தில் எழுதிய வரியையும் நிதானத்தில் எழுதியதையும் பிரித்துப் படிக்க வேண்டும். கணவனின் காதலர்கள் வீட்டில் ஆட்டம் போட்ட 1680களின் கடிதங்களும், அவர் போன பிறகு எழுதியவையும் இரண்டு வேறு மனிதர்களைக் காட்டும்.

படைக்குத் திரும்புவோம். 1677 ஏப்ரல் 11, காசெல். சேன்-ஓமேர் நகரை பிலிப் முற்றுகையிட்டிருக்க, அதை மீட்க வந்தவர் டச்சுத் தலைவர், ஒராஞ்சு இளவரசர் வில்லியம். இவரும் அன்னியரில்லை, ஹென்றியெட்டாவின் அக்காள் மகன். லுக்சம்பூர், ஹுமியேர் என்ற இரண்டு தளபதிகள் பக்கப் படைகளை நடத்த, பிலிப் நடுவில் நின்று தானே முன்னேறி வென்றார். நேரம் செலவழித்து அலங்கரித்துக்கொண்டு குதிரையேறியவர், குண்டுக்குப் பயப்படமாட்டார், வெயிலில் நிறம் கறுக்கும் என்றுதான் பயப்படுவார் என்பது சிப்பாய்களின் கேலி. சேன்-ஓமேர் சரணடைந்தது. பாரிஸ் மக்கள் முசேயைக் கொண்டாடினார்கள். லூயி முற்றுகைகளில் இருந்திருக்கிறார், ஆனால் திறந்தவெளிப் போர் ஒன்றைத் தாமே நின்று வென்றதில்லை. தம்பி வென்றுவிட்டார். அதன் பிறகு பிலிப்புக்கு அப்படியொரு களம் கொடுக்கப்படவே இல்லை.

1692 பிப்ரவரி 18 கல்யாணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லூயிக்கும் அவர் காதலி மோந்தெஸ்பானுக்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்து, பின் சட்டப்படி ஏற்கப்பட்ட மகள் ஃபிரான்சுவாஸ் மரியை, பிலிப்பின் மகன் இரண்டாம் பிலிப்புக்கு லூயி கட்டிவைத்தார். பெரியப்பா மகள்! நம் கணக்கில் அக்காள் தங்கை முறை. லீசலோட் கொதித்தாள், ஒத்துக்கொண்டான் என்று அறிந்ததும் அரசவை பார்க்க மகன் கன்னத்தில் அறைந்தாள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் முறை தவறியது என்பதற்காகக் கொதிக்கவில்லை. முறையில்லாப் பிறப்பு தன் குடும்பத்தில் கலக்கிறதே என்பதுதான் அவள் ஆத்திரம். நம் கண்ணுக்கு உறுத்துவது ஒன்று, அவள் கண்ணுக்கு உறுத்தியது வேறொன்று. பிலிப்போ பாரிசின் பலே-ருவாயால் மாளிகை குடும்பச் சொத்தாகக் கிடைத்ததால் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கல்யாணமே கடைசியில் அவர் உயிருக்கும் காலனானது. மருமகளை மகன் சரியாக நடத்தவில்லை என்று 1701 ஜூன் 8இல் மார்லி மாளிகையில் லூயி குறைகூற, என் மகனுக்குப் படையில் ஒரு வேலை கொடுத்தீர்களா என்று பிலிப் திருப்பிக் கேட்க, இருவரும் வெளியில் கேட்கும்படி கத்திக்கொண்டார்கள். அதன்பின் வயிறு முட்டச் சாப்பிட்டு, சேன்-குளூ திரும்பி, இரவு உணவில் மகனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்குக் குழறிச் சாய்ந்தார். மூளை இரத்தக் கசிவு. ஜூன் 9 நண்பகலில் இறந்தார், வயது 60. லீசலோட் முதல் வேலையாகக் கணவனின் பெட்டிகளில் இருந்த காதலர் கடிதங்களை எரித்தாள். (பாஸ்டில் சிறையின் இரும்பு முகமூடிக் கைதி அரசரின் உடன்பிறந்தவர் என்ற கதையை இவரோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு: அந்தக் கைதி இறந்தது 1703இல். பிலிப் தன் வீட்டில், நூறு பேர் பார்க்க, அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்ச் சேர்ந்தார்.)

இனி வம்சாவளி. ‘ஐரோப்பாவின் தாத்தா’ என்ற பெயருக்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. முதல் தாளில் மூன்றே கோடு போடுங்கள், மரி லூயிசை விட்டுவிடலாம்.

முதல் கோடு ஆன் மரி. 1684இல், 14 வயதில், சவோய் கோமகன் விக்டர் அமதேயோவை மணந்தாள். அவர் பின்னாளில் சிசிலிக்கும் பிறகு சார்டினியாவுக்கும் அரசரானார். அவளுக்கு இரண்டு பெண்கள்: மரி அதெலாயிதை லூயியின் மூத்த பேரன் பர்கண்டி கோமகன் மணந்தான், மரியா லூயிசாவை இரண்டாம் பேரன், அதாவது ஸ்பெயினின் ஐந்தாம் பிலிப், மணந்தான். அண்ணன் தம்பி இருவர், அக்காள் தங்கை இருவர். மாப்பிள்ளைகளின் அப்பாவுக்கு ஆன் மரி சித்தப்பா மகள், ஆகவே இந்தப் பெண்கள் இவர்களுக்கு அத்தை மகள் முறை. மூத்த ஜோடியின் மகன்தான் பதினைந்தாம் லூயி. அவர் பதினான்காம் லூயிக்கும் கொள்ளுப்பேரன், பிலிப்புக்கும் கொள்ளுப்பேரன். வரையும்போது இந்த இடத்தில் கோடு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வேண்டும். ஒரு கோடுதான் வந்திருக்கிறது என்றால் ஒரு பெண்ணை விட்டுவிட்டீர்கள்.

1706இல் சவோயின் தலைநகர் டூரினை பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது படைத்தலைமையில் இருந்தவர் இரண்டாம் பிலிப், உள்ளே ஆட்சி செய்த குடும்பம் அவருடைய அக்காள் ஆன் மரியுடையது. அவர் காயம்பட்டுத் தோற்றுத் திரும்பினார். 1807இல் ஸ்டூவர்ட் ஆண் வழி அற்றுப்போனபோது, ஜாக்கோபைட்டுகள் (துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் குலத்தை ஆதரித்தவர்கள்) கோரிய இங்கிலாந்து உரிமையும் ஹென்றியெட்டாவின் இரத்தம் என்பதால் ஆன் மரியின் சந்ததிக்கே போனது. நிஜ அரியணையோ கத்தோலிக்கரை விலக்கிய 1701 சட்டப்படி ஹனோவர் சோஃபியாவின் மகனிடம் போயிருந்தது. அந்த சோஃபியா லீசலோட்டின் சொந்த அத்தை. இரண்டு மனைவியரின் உறவிலும் ஒரு கிரீடம்.

இரண்டாம் கோடு மகள் எலிசபெத் சார்லட். 1698இல் லொரேன் கோமகன் லியோபோல்டை மணந்தாள். மகன் ஃபிரான்சிஸ், ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவின் கணவர் (மேலே வந்த லூயியின் மனைவி வேறு), புனித ரோமப் பேரரசர். அவர்கள் மகள் மரி அந்துவானெத், பதினாறாம் லூயியின் மனைவி. ஆக அவள் பிலிப்பின் கொள்ளுப்பேத்தி. அவள் அக்காள் மரியா கரோலினா நேப்பிள்சுக்குப் போனாள். அந்த வழியாக இன்றைய ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெலிப்பே வருகிறார்.

மூன்றாம் கோடு ஆண் வழி. இரண்டாம் பிலிப் 1715 முதல் 1723 வரை சிறுவன் பதினைந்தாம் லூயிக்குக் காப்பாளர். அப்பன் ஒரு நாளும் தொட முடியாத ஆட்சி மகன் கைக்கு வந்தது. அப்பனின் ரத்தின மோகமும் கூடவே வந்ததோ என்னவோ, 1717இல் அவர் பிரெஞ்சு முடிக்கு வாங்கிய ‘ரீஜென்ட்’ வைரம் சென்னை வழியாகப் போனது: புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட் கோல்கொண்டாக் கல்லை 48,000 வராகனுக்கு வாங்கி அனுப்பியது அது. இன்று லூவ்ரில் இருக்கிறது. இரண்டாம் பிலிப்புக்குக் கீழே நான்காம் தலைமுறையில் லூயி பிலிப் 1830இல் பிரெஞ்சு அரசரானார். அவர் மகள் லூயிஸ் பெல்ஜியத்தின் முதல் அரசரை மணந்தாள். இப்போதைய பெல்ஜிய அரசர் அந்த வழி, பெயரும் பிலிப்.

அவர் வாழ்ந்து இறந்த சேன்-குளூ மாளிகையைத் தேடிப் போக வேண்டாம். 1870 அக்டோபரில் பாரிஸ் முற்றுகையின்போது எரிந்து, மிச்சச் சுவரும் 1891இல் இடிக்கப்பட்டது. லெ நோத்ர் வடிவமைத்த தோட்டமும், அந்துவான் லெபோத்ர் கட்டிய படிக்கட்டு அருவியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.